எண்பது பேக்கேஜ்கள், இரண்டு நொடிகள்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில் 1970-களின் நடுப்பகுதியில் ஒரு வினோதமான சிக்கல் முளைத்தது. ஒருவர் தன் நிரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் உதவிக்கு வந்து டெர்மினல் முன்னால் உட்கார்ந்து ஒரு விசையைத் தட்டுவார். ஒரு வரி அழியும் என்று அவர் நினைத்திருப்பார். திரையில் வேறு ஏதோ நடக்கும். இன்னொரு விசையைத் தட்டினால் இன்னொரு குழப்பம். கட்டடம் ஒன்று, கணினி ஒன்று, எடிட்டரும் ஒன்றுதான். ஆனால் வந்தவருக்குத் தெரிந்த ஒரு விசைகூட அங்கே வேலை செய்யவில்லை.

அந்த எடிட்டரின் பெயர் டீகோ. காகித நாடாவில் துளையிட்டு நிரல் எழுதிய காலத்தில், 1962 வாக்கில், டேன் மர்ஃபி உருவாக்கியது. அதில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே திருத்த முடியாது. இத்தனை எழுத்து நகர், இதை அழி, அதைச் சேர் என்று கட்டளைகளைக் கோத்து எழுதி ஓட்ட வேண்டும். கார்ல் மிக்கெல்சன் என்ற ஆய்வகத்துக்காரர் அதில் புதுமுறை ஒன்றைச் சேர்த்தார்: விசையைத் தட்டத் தட்டத் திரையில் எழுத்து மாறும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்துக்குப் போன அவருடைய சகா ரிச்சர்ட் ஸ்டால்மன் அங்கே 'ஈ' என்ற எடிட்டர் இதே வேலையை எவ்வளவு லாகவமாகச் செய்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் மிக்கெல்சனின் முறையைச் செப்பனிட்டார். கூடவே ஒரு சின்னச் சலுகையும் கொடுத்தார். எந்த விசையை வேண்டுமானாலும் எந்த டீகோ நிரலோடும் பிணைத்துக்கொள்ளலாம். அந்தச் சலுகைதான் ஆய்வகத்தைத் தலைகீழாக்கியது.

ஆளாளுக்குத் தங்கள் வசதிக்கேற்ப விசைகளை மாற்றிக்கொண்டார்கள். மேக்ரோ எனப்பட்ட இந்த டீகோ நிரல்களின் தொகுப்புகள் டெக்மாக், டிமாக்ஸ் என்று பெருகின. கை ஸ்டீல் என்ற இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. எல்லாத் தொகுப்புகளிலும் நல்லதைப் பொறுக்கி ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவர முனைந்தார். 1976-ல் ஓர் இரவு ஸ்டீலும் ஸ்டால்மனும் சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். மிச்சத்தை ஸ்டால்மன் முடித்தார். எடிட்டிங் மேக்ரோஸ் என்பதைச் சுருக்கி ஈமேக்ஸ் என்று பெயர் வைத்தார். அந்தக் கணினியில் 'ஈ' என்ற ஓரெழுத்துச் சுருக்கம் அப்போது யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருந்தது என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம்.

குழப்பம் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஸ்டால்மன் மாற்றும் உரிமையை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. மாற்றுகிறவர் தன் மேம்பாடுகளைத் திருப்பித் தரவேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டார். ஒழுங்கும் வேண்டும், சுதந்திரமும் வேண்டும் என்ற அந்த இரட்டை ஆசைக்குள்ளேயே அடுத்த சிக்கலின் விதை கிடந்தது. அது முளைத்து மரமாவதற்கு முன்னால் வேறொரு புயல் அடித்தது.

ஜேம்ஸ் காஸ்லிங், பின்னாளில் ஜாவா மொழியைத் தந்தவர், 1981-ல் யூனிக்ஸ் கணினிகளுக்காக சி மொழியில் ஓர் ஈமேக்ஸ் எழுதினார். முதலில் அது தாராளமாகக் கைமாறியது. 1983-ல் அதன் உரிமை யூனிபிரஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஸ்டால்மன் தன் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக ஜிஎன்யூ ஈமேக்ஸை எழுதத் தொடங்கியபோது திரையில் எழுத்தைக் காட்டும் பகுதிக்குக் காஸ்லிங்கின் நிரலில் கொஞ்சம் எடுத்திருந்தார். யூனிபிரஸ் ஆட்சேபித்தது. 1985-ல் அந்தப் பகுதியை முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே புதிதாக எழுதவேண்டி வந்தது. ஒரு வரி நிரல் யாருக்குச் சொந்தம் என்ற விஷயத்தில் ஸ்டால்மன் அதன்பிறகு மிகக் கறாராக இருந்தார். அந்தக் கறார் இந்தக் கதைக்குள் மறுபடி நுழைவதற்கு முப்பது வருடங்கள் ஆயின.

ஜிஎன்யூ ஈமேக்ஸின் பெரிய பலம் அதற்குள் இருந்த லிஸ்ப் மொழி. எடிட்டரின் பெரும்பகுதியே அந்த மொழியில் எழுதப்பட்டது. பயன்படுத்துகிறவரும் அதே மொழியில் எதையும் மாற்றலாம். வீட்டு அடைவில் ஓர் அமைப்புக் கோப்பு. ஈமேக்ஸ் எழும்போதெல்லாம் முதல் வேலையாக அதைப் படித்து, அதில் சொல்லியிருப்பதை வரிசையாகச் செய்யும். விசை, நிறம், எழுத்துரு, தாவல் அகலம் என்று எல்லாம் அங்கேதான். புதிதாகச் சேர்ந்த மாணவர் சீனியரின் கோப்பை அப்படியே நகலெடுப்பார். அதில் பாதிக்கு அர்த்தம் தெரியாது, தொடவும் பயம். வருஷாவருஷம் அடியில் பத்து வரி சேரும். ஆயிரம் வரியைத் தாண்டிய கோப்புகள் சாதாரணமாயின. ஒரு கட்டத்தில் மொத்தத்தையும் அழித்துவிட்டு வெறும் கையோடு தொடங்குவார்கள். ஈமேக்ஸ்காரர்கள் இதற்கு வைத்த பெயர் திவால். கடனாளி மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பதுபோல் அதைப் பொதுவில் அறிவிப்பதும் உண்டு.

கோப்பு ஏன் அப்படிக் கெட்டது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் புரியும். கணக்கெழுத உதவும் ஒரு பேக்கேஜை, அதாவது ஈமேக்ஸோடு ஒட்டும் ஒரு துணை நிரலை, ஒருவர் சேர்க்கிறார் என்று கொள்ளலாம். அது இருக்கும் அடைவைத் தேடல் பாதையில் சேர்க்க ஒரு வரி. அதை நினைவகத்தில் ஏற்ற ஒரு வரி. இன்ன வகைக் கோப்பைத் திறந்தால் இதைக் கூப்பிடு என்று ஒரு வரி. விசைக்கு ஒரு வரி. ஏறிய பிறகு நடக்கவேண்டியதைச் சொல்ல இரண்டு மூன்று வரி. இந்த ஆறேழு வரிகளும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விசைகள் எல்லாம் கோப்பின் தலையில், பாதைகள் எல்லாம் நடுவில், மற்றவை கடைசியில் என்று சிதறிக் கிடக்கும். ஒரு பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவுசெய்தால் ஐந்து இடத்தில் தேடி ஐந்தையும் நீக்க வேண்டும். நான்கை நீக்கிவிட்டு ஐந்தாவதை மறந்தால்தான் வேடிக்கை.

ஈமேக்ஸ் கோப்பை மேலிருந்து கீழாகப் படிக்கும். நடுவில் ஒரு பிழை வந்தால் அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள எதுவும் நடக்காது. அலுவலகக் கணினியில் இருந்த ஒரு பேக்கேஜ் வீட்டுக் கணினியில் இல்லை என்றால் அந்த ஒரு வரியிலேயே மிச்ச அறுநூறு வரியும் செத்துப்போகும். பழகிய விசைகள் எதுவும் இல்லாத மொட்டை எடிட்டர் திரையில் வந்து நிற்கும். 1976-ல் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வந்த திண்டாட்டம் இப்போது சொந்த நாற்காலியிலேயே வந்தது.

இதற்கு மேல் தாமதம் வேறு. ஐம்பது, எண்பது பேக்கேஜ் வைத்திருப்பவரின் ஈமேக்ஸ் எழ எழப் பொறுமை போகும். காலையில் ஒருமுறை திறந்தால் இரவுவரை மூடவேமாட்டார்கள். 2009-ல் வந்த ஈமேக்ஸ் 23-ல் பின்னணியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் டீமன் முறை வந்தது; எடிட்டரை ஒருமுறை எழுப்பிவிட்டு, தேவைப்படும்போது ஜன்னலை மட்டும் திறந்துகொள்ளலாம். அது தாமதத்தை மறைத்ததே தவிரத் தீர்க்கவில்லை. தீர்வு உண்மையில் ஈமேக்ஸுக்குள்ளேயே பல வருடமாக இருந்தது. எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கத்துக்குத் தெற்கே இருக்கும் பாகூர் ஏரிக்குச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. வந்த தண்ணீரை எல்லா மதகையும் ஒரே நாளில் திறந்து யாரும் விடுவதில்லை. எந்த வயல் காய்கிறதோ அந்தப் பக்கத்து மதகைத்தான் திறப்பார்கள். ஈமேக்ஸின் 'ஆட்டோலோடு' இதே வேலைதான். பேக்கேஜின் பெயரை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, யாராவது அதன் கட்டளையைக் கூப்பிடும்போதுதான் முழு நிரலையும் ஏற்றும். ஆனால் எண்பது பேக்கேஜுக்கும் கையால் அப்படி எழுத எவருக்குப் பொறுமை?

பொறுமை இல்லாத இன்னொரு கூட்டமும் இருந்தது. அவர்களுக்குப் பேக்கேஜைத் தேடிப்பிடிப்பதே தலைவலி. செய்திக்குழுக்களிலும் யாரோ ஒருவரின் வலைத்தளத்திலும் கிடந்ததைப் பதிவிறக்கி, அதற்குத் துணையாக வேண்டிய இன்னொன்றைத் தேடி அலைந்தார்கள். 2007-ல் டாம் ட்ரோமி என்ற நிரலர் இதைத் தீர்க்க உட்கார்ந்தார். ஜிஎன்யூ ஆட்டோமேக் கருவியால் ஏற்கெனவே பெயர் பெற்றவர். லினக்ஸில் மென்பொருளை ஒரே கட்டளையில் நிறுவுவதுபோல் ஈமேக்ஸிலும் நிறுவ ஒரு கருவியும், பேக்கேஜ்களை வைக்க எல்பா என்ற களஞ்சியமும் அமைத்தார். 2010-ல் டிமித்ரி ஃபொன்டேன் வேறு வழி போனார். அவருடைய எல்-கெட் என்ற கருவி, நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட், களஞ்சியம், வெறும் வலைப்பக்கம் என்று பேக்கேஜ் எங்கே இருந்தாலும் அங்கிருந்து எடுத்து வந்தது. அடுத்து மெல்பா என்ற பெரிய களஞ்சியம் எழுந்தது. ட்ரோமியின் கருவி ஈமேக்ஸுக்குள்ளேயே சேர்ந்து 2012 ஜூன் 10 அன்று ஈமேக்ஸ் 24.1-ல் வெளிவந்தது.

கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் அது எதிர்பாராத திசையில் வேலை செய்தது. பேக்கேஜ் சேர்ப்பது சுலபமானதும் எல்லோரும் சேர்த்துத் தள்ளினார்கள். பத்து வைத்திருந்தவர் ஐம்பது வைத்தார். கருவி பேக்கேஜை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியதோடு சரி; உள்ளே எடுத்து அடுக்குவதற்கு அது உதவவில்லை. அமைப்புக் கோப்பு முன்னைவிட மோசமானது. ஈமேக்ஸ் 24.1 வந்து ஆறு நாள் கழித்து ஒருவர் தன் கணினியில் ஒரு புதுக் கோப்பைத் திறந்தார்.

அவர் ஜான் வீக்லி. ஈமேக்ஸ் உலகில் பழைய கை. ஈமேக்ஸுக்குள்ளேயே கட்டளை முனையம் தரும் ஈஷெல் அவர் எழுதியது. 2001-ல் ஈமேக்ஸ் 21-ல் அது சேர்ந்துவிட்டது. வரவு செலவைச் சாதாரண உரைக்கோப்பில் எழுதிக் கணக்குப் பார்க்கும் லெட்ஜர் மென்பொருளும் அவருடையதுதான். அவரிடம் எண்பதுக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருந்தன. மேய்த்து மாளவில்லை. முதலில் விசைகளின் குழப்பத்தை எடுத்தார். 2012 ஜூன் 16 தேதியிட்ட பைண்ட்-கீ என்ற சிறு நிரல்: எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்று சொல்ல ஒரே வடிவம், சொந்தமாக மாற்றிய விசைகளை எல்லாம் ஒரே பட்டியலாகக் காட்ட ஒரு கட்டளை. அது கையில் நின்றதும் அடுத்த நாளே, ஜூன் 17 அன்று, இன்னொரு கோப்பைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயரில் எந்தக் கற்பனையும் இல்லை.

யூஸ்-பேக்கேஜ். இன்று எந்த ஈமேக்ஸ்காரரின் அமைப்புக் கோப்பைத் திறந்தாலும் அநேகமாகக் கண்ணில் படும் முதல் சொல்.

அதன் வடிவம் எளிமையானது. ஓர் அடைப்புக்குறி திறக்கும். யூஸ்-பேக்கேஜ், அடுத்து பேக்கேஜின் பெயர். அதற்குக் கீழே முக்காற்புள்ளி வைத்த சொற்கள் ஒவ்வொன்றாக இறங்கும். 'என்ஷூர்' என்றால் இந்தப் பேக்கேஜ் இல்லாவிட்டால் பதிவிறக்கு. 'இனிட்' என்றால் ஏற்றுவதற்கு முன் செய்யவேண்டியது. 'கான்ஃபிக்' என்றால் ஏற்றிய பின் செய்யவேண்டியது. 'பைண்ட்' என்றால் விசைகள். 'மோட்' என்றால் இன்ன வகைக் கோப்புக்கு இது. அடைப்புக்குறி மூடும். ஒரு பேக்கேஜ் பற்றிய எல்லாம் அந்த இரண்டு குறிகளுக்கு நடுவில் அடக்கம். வேண்டாம் என்றால் அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டினால் போதும். வேறெங்கும் வேர் கிடையாது.

வீக்லியின் சாமர்த்தியம் இந்த அழகில் மட்டும் இல்லை. 'பைண்ட்' என்று விசையைக் குறித்துவிட்டால் அந்த விசையைத் தட்டும்வரை பேக்கேஜ் ஏறாது. கையால் எழுத யாருக்கும் பொறுமை இல்லாத ஆட்டோலோடை அந்தச் சொல்லே பின்னால் எழுதிவிடும். 'மோட்' என்பதும் அப்படியே. ஒரு கட்டத்தில் பிழை வந்தால் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். மற்ற கட்டங்கள் தடையின்றி நடக்கும். வீட்டுக் கணினியில் ஒன்று இல்லை என்பதற்காக அறுநூறு வரி சாகாது. லிஸ்ப் மொழியில் மேக்ரோ என்பது நிரலை எழுதும் நிரல் என்பதால்தான் இது முடிந்தது. சுருக்கமாக எழுதிய பத்து வரியை அது நீளமான, சலிப்பான, சரியான நாற்பது வரியாக விரித்துக் கொடுக்கும். வேண்டுமானால் விரித்த வடிவத்தைத் திறந்து பார்க்கவும் முடியும். எண்பதுக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களோடு தன் ஈமேக்ஸ் இரண்டு நொடியில் எழுகிறது என்று வீக்லி தன் கருவியின் அறிமுகக் குறிப்பில் எழுதினார். ஈமேக்ஸ் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அது பரவியதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் நேரக் கணக்கு அல்ல. முன்பு அடுத்தவரின் கோப்பைப் படித்தால் அவர் மனசு போன போக்கெல்லாம் நாமும் போகவேண்டும். இப்போது பாரிஸில் இருப்பவர் எழுதியதைப் பாகூரில் இருப்பவர் படித்தால், எந்தப் பேக்கேஜ், எந்த விசை, எப்போது ஏறும் என்பது கட்டம் கட்டமாகத் தெரியும். பிடித்த கட்டத்தை மட்டும் எடுத்துத் தன் கோப்பில் ஒட்டிக்கொள்ளலாம். கை ஸ்டீல் எல்லோருக்கும் ஒரே விசை என்று போய் நாடியதை, வீக்லி விசைகளை அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டு, அவற்றை எழுதும் வடிவத்தை மட்டும் பொதுவாக்கிச் சாதித்தார். அப்படி ஒரு திட்டம் போட்டு அவர் தொடங்கவில்லை. தன் எண்பதை மேய்க்க எழுதினார். ஊரே வந்து சேர்ந்துகொண்டது.

வந்து சேர்ந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. குறைகளைக் கண்டார்கள். நாம் எதையும் சொல்லாவிட்டால் யூஸ்-பேக்கேஜ் பேக்கேஜை உடனே ஏற்றும். விசை குறித்தால் தள்ளிப்போடும். எந்தச் சொல் தள்ளிப்போடும், எது போடாது என்று புதியவர்களுக்குப் பிடிபடவில்லை. 'ஏன் என் கான்ஃபிக் வேலை செய்யவில்லை' என்பதே அவர்களின் தீராத கேள்வி. வேறு சிலருக்கு மேக்ரோவுக்குள் நடக்கும் மாயம் அதிகமாகிவிட்டது என்ற கவலை. போட்டியாளர்கள் கிளம்பினார்கள்.

ஜப்பானிலிருந்து நவோயா யமஷிதா என்ற நிரலர் லீஃப் என்ற கருவியோடு வந்தார். பார்க்க யூஸ்-பேக்கேஜின் தம்பிதான். முக்காற்புள்ளிச் சொற்களும் பெரும்பாலும் அதேதான். வேற்றுமை உள்ளே. நீங்காத அந்தக் கேள்விக்கு லீஃப் நேரடியாகப் பதில் சொன்னது: ஏற்று என்று வெளிப்படையாகச் சொன்னால் தவிர எதையும் ஏற்றாது. கட்டத்துக்குள் கட்டம் வைத்து, மின்னஞ்சல் தொடர்பானது ஒரு பக்கம், நிரல் தொடர்பானது ஒரு பக்கம் என்று கோப்பையே பிரித்து அடுக்கவும் அது தோதானது. ஃபிலிப் கலுஜெர்சிச் 2021 வாக்கில் கொண்டுவந்த செட்டப் இன்னும் வேறு மாதிரி. அதில் முக்காற்புள்ளிச் சொற்களின் பட்டியல் இல்லை. ஒவ்வொரு சொல்லுமே சின்ன மேக்ரோ. சாதாரண லிஸ்ப் வரிகளையும் அவற்றோடு கலந்து எழுதலாம். தனக்குத் தேவையான புதுச் சொல்லைத் தானே நாலு வரியில் உண்டாக்கவும் முடியும். லிஸ்ப் நன்றாகத் தெரிந்தவருக்கு அது வரம். தெரியாதவருக்கு அந்தச் சுதந்திரமே பாரம்.

பதிவிறக்கும் பக்கத்திலும் போட்டி சூடானது. 2017-ல் ரேடன் ராஸ்பரோ எழுதிய ஸ்ட்ரெய்ட் ஒவ்வொரு பேக்கேஜின் கிட் களஞ்சியத்தையும் முழுசாக நகலெடுத்து, எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று ஒரு கோப்பில் பூட்டிவைத்தது. இன்று வேலை செய்த அமைப்பு அடுத்த மாதம் புதுக் கணினியிலும் அச்சுப்பிசகாமல் வரும். பிறகு நிக்கலஸ் வோல்மரின் எல்பாக்கா பல பேக்கேஜ்களை ஒரே நேரத்தில் இறக்கி, காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தது. இந்த இரண்டும் யூஸ்-பேக்கேஜை வீழ்த்த வரவில்லை. அதன் கட்டத்துக்குள் ஒரு சொல்லாகப் புகுந்துகொண்டன. இறக்குவது யாராக இருந்தாலும் அடுக்குவது வீக்லியின் வடிவம் என்றாகிவிட்டது.

என் தீர்ப்பு கேட்டால், எதை எப்போது ஏற்றுவது என்ற ஒரு விஷயத்தில் லீஃப் எடுத்த முடிவே நேர்மையானது. சொன்னதைச் செய்கிறது; சொல்லாததைச் செய்வதில்லை. செட்டப் மூன்றிலும் நேர்த்தியானது. ஆனாலும் புதிதாக வருபவர் கையில் யூஸ்-பேக்கேஜைத்தான் கொடுக்க வேண்டும். அவர் நாளை ஒரு சந்தேகத்தோடு யாரிடம் போனாலும், காட்டுகிற கோப்பைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே இருப்பார்.

அப்படியானால் அதை ஈமேக்ஸுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்டார்கள். 2015 நவம்பரில் அதற்குத் தோதான திருப்பமும் வந்தது. ஈமேக்ஸின் தலைமைப் பராமரிப்பாளர் பொறுப்பை ஸ்டெஃபான் மோன்னியே விட்டு விலக, அந்த நாற்காலிக்கு வந்தவர் வேறு யாருமில்லை, ஜான் வீக்லியே. தலைவரின் சொந்தக் கருவி, ஊரே பயன்படுத்துவது. உள்ளே வர இனி என்ன தடை?

காகிதம்தான் தடை. முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் கறார் இங்கே வந்து வழிமறித்தது. ஈமேக்ஸுக்குள் வரும் நிரலை எழுதியவர்கள் அதன் காப்புரிமையை ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதித் தரவேண்டும். பதினைந்து வரிக்கு உட்பட்ட சிறு திருத்தங்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் எழுதிய ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வேண்டும். யூஸ்-பேக்கேஜ் வளர்ந்ததோ திறந்த வெளியில். உலகின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் வந்து ஐம்பது வரி கொடுத்துவிட்டுப் போயிருப்பார். ஒருவர் விடாமல் தேடிப்பிடிக்க வேண்டும். கிடைக்காதவர் எழுதியதை நீக்கிவிட்டு வேறாக எழுத வேண்டும். தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவராலும் தன் கருவிக்காக அந்த விதியை வளைக்க முடியவில்லை. வளைக்கவும் கூடாது என்பதே என் எண்ணம். யூனிபிரஸ் விவகாரத்தில் ஒருமுறை சுட்டுக்கொண்ட விரல் அது. இதற்கிடையே யமஷிதாவின் லீஃப் அறக்கட்டளையின் சம்மதத்தோடு ஈமேக்ஸின் அதிகாரபூர்வ ஜிஎன்யூ எல்பா களஞ்சியத்துக்குள் போய் அமர்ந்துவிட்டது. அண்ணன் வாசலில் நிற்க, தம்பி திண்ணையில் ஏறிவிட்டான்.

வருடங்கள் ஓடின. வீக்லி தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். கையெழுத்துகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. 2022-ன் கடைசியில், அடுத்த பதிப்புக்கான கதவு மூடும் நேரத்தில், யூஸ்-பேக்கேஜும் பைண்ட்-கீயும் ஈமேக்ஸின் மூல நிரலுக்குள் இணைக்கப்பட்டன. 2023 ஜூலை 30 அன்று ஈமேக்ஸ் 29.1 வெளியானது. அந்த ஜூன் 17 கழிந்து பதினோரு வருடம். புதுக் கணினியில் ஈமேக்ஸை நிறுவினால் போதும், யூஸ்-பேக்கேஜும் கூடவே வந்துவிடும்.

அதே 29.1-ல் நமக்கென்று ஒரு சரக்கும் வந்தது. ஈமேக்ஸுக்குத் தமிழ் அதற்கு முன்பே தெரியும்; ஜப்பான் ஆய்வகம் ஒன்றில் கெனிச்சி ஹாண்டா பல மொழி எழுத்துகளுக்காக எழுதிய பகுதி 1997-ல் ஈமேக்ஸ் 20-ல் சேர்ந்த பிறகு, கவாபாத்தா தாய்ச்சி என்ற இன்னொரு ஜப்பானியர் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரலை எழுதினார். ஆனால் 1999-ல் சென்னைத் தமிழிணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை ஈமேக்ஸுக்குள் வர இருபத்துநான்கு வருடம் ஆனது. கூடவே, ஒலிபெயர்ப்பில் தட்டுகிறவர்கள் எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதைத் தாங்களே மாற்றிக்கொள்ள ஒரு முறையும் வந்தது. இரண்டில் எது வேண்டும் என்பதை ஒரே யூஸ்-பேக்கேஜ் கட்டத்தில் எழுதலாம். பேக்கேஜின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஈமேக்ஸ் என்றே எழுதி, 'கஸ்டம்' என்ற சொல்லுக்குக் கீழே வழக்கமான உள்ளீட்டு முறை தமிழ்99 என்று குறித்தால் முடிந்தது. அபிஷேகப்பாக்கத்தில் ஒருவர் எழுதிய அந்தக் கட்டத்தைக் கோலாலம்பூரில் ஒருவர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

உள்ளே வந்ததும் யூஸ்-பேக்கேஜ் உறைந்துபோகும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். ஈமேக்ஸ் 29-ல் மூலக் களஞ்சியத்திலிருந்து நேரடியாகப் பேக்கேஜை நிறுவும் வசதி புதிதாக வந்திருந்தது. யூஸ்-பேக்கேஜுக்கு அதைக் கூப்பிடத் தெரியவில்லை. டோனி ஸோர்மன் என்பவர் அதற்காகத் தனியே ஒரு துணைப் பேக்கேஜ் எழுதி வெளியிட்டார். இந்த முறை யாரும் பதினோரு வருடம் காத்திருக்கவில்லை. 2025 பிப்ரவரியில் ஈமேக்ஸ் 30.1 வந்தபோது அது 'விசி' என்ற சொல்லாக யூஸ்-பேக்கேஜுக்குள்ளேயே இருந்தது.